புளி போட்டுத் துலக்கிய துண்டு

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, ஜீயபுரத்தில் எங்கள் வாழைத்தோப்பில் ஒரு பயிற்சி விமானம் விழுந்தது. அதைத் தனியாக ஓட்டிவந்த, யாரென்று தெரியாத ஒரு அக்கா அங்கேயே இறந்துபோனார்.

போலீஸ் வருவதற்குள் ஆளுக்கொன்றை எடுத்துவிட்டோம். சித்தப்பா கண்ணாடித் துண்டு, எதிர்வீட்டு அத்தை சீட் பெல்ட், நான் கட்டைவிரல் அளவில் உடைந்த குழாய் மூட்டு. பித்தளை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு துலக்குவது என் வேலை.

மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள்: எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தால் கேஸ் இல்லை. பயந்துபோனேன். செய்த தப்புக்கு ஏதாவது ஈடு செய்ய வேண்டும். கரியும் பிசுக்குமாகவா கொடுப்பது? புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். உடைந்த வாயை மட்டும் மூன்று முறை தேய்த்தேன். அங்கேதான் கறுப்பு போகவில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் விசாரணை அதிகாரி பட்டியலில் டிக் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த அக்காவின் அப்பா பக்கத்தில் நின்றார்.

"தப்பு எம் பொண்ணு மேலயா, மெஷின் மேலயா? அத மட்டும் சொல்லிடுங்க சார்."

"பெட்ரோல் குழாய் மூட்டு ஒண்ணு கெடைக்கலங்க. முன்னாடியே விரிசல் விட்டுச்சா, விழுந்தப்ப ஒடஞ்சுச்சான்னு ஒடஞ்ச எடத்த பாத்தா தெரிஞ்சிடும்."

எனக்குப் புரிந்தது, அவர்கள் தேடும் சாமான் என்னிடம் இருக்கிறது என்பது மட்டும். கையை நீட்டினேன். பளபளத்தது.

அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத யாரு தேச்சது?"

"எம் பொண்ணுதாங்க. அவ தேச்சா மொகம் பாக்கலாம்" என்றாள் அம்மா.

அவர் பேனாவை மூடி வைத்தார். அக்காவின் அப்பா என் தலையைத் தொட்டார். "பத்திரமா வெச்சிருந்தியே. நல்லாயிரும்மா."

உலோகம் ஏன் முறிகிறது என்று ஆராய்வதுதான் இன்று என் வேலை. விசாரணை அறிக்கையைத் தேடிப் படித்தேன். முறிந்த பரப்பு தேய்க்கப்பட்டிருந்ததால் காரணத்தை உறுதிசெய்ய முடியவில்லை. ஓட்டியவரின் தவறாகவும் இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். யார் தேய்த்தது என்று அதில் இல்லை. அந்த அப்பாவும் படித்திருப்பார். தில்லை நகரில் குடியிருக்கிறேன். ஸ்ரீரங்கம் அரை மணி நேரம்கூட ஆகாது. இன்னும் போகவில்லை.

அன்று வீடு திரும்பும்போது எனக்கு ஒரே ஒரு குறைதான். அவ்வளவு தேய்த்தும் அந்த அதிகாரி மட்டும் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டே நடந்தேன்.