திருப்பித் தரப்பட்ட பிரார்த்தனை

இன்று ஆத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி. கையில் கசங்கிய சீட்டு. அவள் பள்ளியில் வாரந்தோறும் பிள்ளைகள் பிரார்த்தனை எழுதிப் பெட்டியில் போட வேண்டுமாம்; நல்லதை அசெம்பிளியில் வாசிப்பார்களாம்.

“மிஸ் திருப்பிக் குடுத்துட்டாங்க ஆன்ட்டி. சாமிகிட்ட நல்லதாக் கேக்கணுமாம்.”

வாங்கிப் படித்தேன். ‘அப்பா வீட்டுக்கு வரக் கூடாது.’

“ஏம்மா?”

“வந்தா அம்மாவ அடிப்பாரு.”

கொஞ்சம் யோசித்துவிட்டு அவளே கேட்டாள்: “அப்பாவுக்கு ரொம்பத் தூரத்துல வேலை கெடைக்கணும்னு எழுதுனா நல்லதுதான?”

தலையாட்டினேன். பேனாவும் கொடுத்தேன்.

நாளை அசெம்பிளியில் அதை வாசித்துக் கைதட்டுவார்கள். முதல் சீட்டைப் பார்த்துப் பள்ளியில் யாராவது ‘ஏன்’ என்று கேட்டிருக்கலாம். இரண்டாவதைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்கப் போவதில்லை.

பேனா என்னுடையது. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?