முதலாளியம்மா எழுதித் தந்த சம்பளம்

சலவைக்கூடத்துப் பெண்கள் அவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர் வைத்திருந்தார்கள். பள்ளி விட்டதும் நேரே அங்கே வருவாள். புத்தகப்பையை நீராவிக் குழாய்க்கு எட்டாத ஆணியில் மாட்டிவிட்டு, அம்மாவுக்கு எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பாள். ஹோட்டல் அறைகளின் படுக்கை விரிப்புகள் துவைத்துப் பிழிந்து இவர்களிடம் வரும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து ஓர் உதறு உதறி, சுருக்கம் எடுக்கும் சூட்டு உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஒருத்தி முந்தினால் துணி கோணிக்கொள்ளும். ஒருத்தி அசந்தால் விரல் பொசுங்கும். அம்மாவும் பெண்ணும் செய்கிற இந்த வேலைக்குப் பேச்சு தேவைப்படவில்லை.

பள்ளியில் அது அவளுக்குக் கடைசி வருஷம். வெளியூரில் ஒரு நல்ல கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. அதன் கட்டணம் அம்மா தலைகீழாக நின்றாலும் கட்டக்கூடியதில்லை. உதவித்தொகை வந்தால் போகலாம். வராவிட்டால் உருளை இருக்கிறது. யாரோ ஒருத்தியின் பெண்ணைப் பற்றி நினைப்பதுபோல்தான் அவள் இதை நினைத்துக்கொண்டாள்.

விண்ணப்பத்தைப் பள்ளி கிளார்க் சரிபார்த்தார். காதைக் குடைந்துகொண்டே படிக்கிறவர்.

“அப்பா?”

“இல்ல சார்.”

“இல்லன்னா? இறந்துட்டாரா, விட்டுட்டுப் போயிட்டாரா?”

“போயிட்டாரு.”

“சரி விடு, ரெண்டுக்கும் ஒரே கட்டம்தான்.” அதில் ஒரு குறி போட்டுவிட்டு, அம்மாவின் சம்பளக் கடிதத்தை எடுத்தார். குடைவது நின்றது. “உங்கம்மா சலவைக்கூடத்துல வேலை பாக்கறாங்களா, இல்ல சலவைக்கூடமே அவங்களோடதா?”

“வேலைதான் சார்.”

“இந்தச் சம்பளம் எனக்கே கிடையாதும்மா. இத வெச்சா அடுத்த பக்கத்தைப் புரட்டாமலே தள்ளிடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியான லெட்டர் கொண்டா. அதுக்கு மேல நான் என்ன, என் மேலதிகாரி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

தெருவில் நடக்கும்போது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒரு கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழுக்கத் துடைத்து முடிக்கிற வரைக்கும் நின்று பார்த்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் சலவைக்கூடமே சிரித்தது. வாயாடி என்று பேரெடுத்த ஓர் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம முதலாளியம்மாவுக்குக் கை தாராளம்டி, காகிதத்துல மட்டும்.”

அதில் முதலாளியம்மாவைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கூடத்தில் சம்பளக் கடிதம் கேட்டு நிற்கிறவள் வாடகைக்கு வீடு பிடிக்கிறாள், அல்லது கடன் வாங்குகிறாள். உள்ள சம்பளத்தை எழுதினால் வாசல் கதவுகூடத் திறக்காது. அதனால் யார் கேட்டாலும் இரட்டிப்பாக எழுதித் தருவது அவளுடைய வழக்கம். இப்போதிருக்கும் வீட்டையே அம்மா அப்படி ஒரு கடிதத்தை வைத்துத்தான் பிடித்தாள். இந்த முறை பெண்ணின் படிப்புக்கு என்றதும், பாவம், நல்லா இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

“நீ பாக்கலையாம்மா?”

“பாத்தேன்,” என்றாள் அம்மா. “படிக்க நல்லாத்தான் இருந்துச்சு.”

இருவரும் முதலாளியம்மாவின் அறைக்குப் போனார்கள். அவள் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“கூட்டித்தான் எழுதத் தெரியும் எனக்கு. உள்ளத எழுதினா, சட்டத்துல சொன்னதுக்குக் கீழ கொடுக்கறேன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும். யானை வேணா தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கும். நான் போட்டுக்க முடியுமா?”

அறைக்குள்ளும் உருளையின் இரைச்சல் வந்துகொண்டிருந்தது.

“ஒண்ணு பண்ணலாம்,” என்றாள் முதலாளியம்மா. “போன மாசத்தோட நீ வேலையை விட்டு நின்னுட்டேன்னு எழுதித் தரேன். அப்ப வருமானமே இல்ல. நீ பாட்டுக்கு வந்து வேலை பாரு. அப்புறமா புதுசா சேந்த ஆளா எழுதிக்கலாம்.”

“நின்னுட்டதா எழுதினா, இத்தனை வருஷத்துக்குக் கடைசியில வர வேண்டிய பணம்?”

“அது எப்படிம்மா வரும்? புதுசா சேந்தவளுக்கு முதல்லேர்ந்துதானே கணக்கு.” சொல்லிவிட்டு அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நான் கட்டாயப்படுத்தல. யோசிச்சுக்கோ.”

அம்மா திரும்பி மகளைப் பார்த்தாள். வேண்டாம்மா என்று சொல்ல வேண்டிய இடம் அது. அந்தச் சொல் வாய்வரைக்கும் வந்ததாகத்தான் அவளுக்குத் தோன்றியது. வெளியே வரவில்லை. பெயருக்கேற்ற மாதிரி நின்றாள்.

“எழுதுங்கம்மா,” என்றாள் அம்மா.

புதுக் கடிதத்தைப் பார்த்த கிளார்க்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. “இப்பதான் விண்ணப்பம் விண்ணப்பமா இருக்கு.”

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் உதவித்தொகை அலுவலகத்திலிருந்து விசாரிக்க அழைப்பு வந்தது. தொலைபேசி உருளைக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. முதலாளியம்மா ஒரு காதைப் பொத்திக்கொண்டு இரைச்சலுக்கு மேல் பேசினாள். “ஆமாங்க, இங்கதான் இருந்தாங்க. இப்ப இல்ல. நல்லவங்க, ஒரு நாளும் லீவு எடுக்க மாட்டாங்க.” அவளுடைய முழங்கைக்கு ஒரு முழம் தள்ளி நின்று அம்மா விரிப்பை உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாயாடி அக்காகூட வாயைத் திறக்கவில்லை. விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்த மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் துணியின் ஓரத்தையே பார்த்தாள். இல்லாத ஆளும் இருக்கிற ஆளும் ஒரே வேகத்தில் துணி கொடுத்தார்கள்.

உதவித்தொகை கிடைத்தது.

“மொத்தமுமா?” என்று அம்மா கேட்டாள்.

“மொத்தமும்.”

“விடுதிக்கு?”

“அதுவும்தான்.”

“சிரியேன்டி கோட்டான்,” என்று வாயாடி அக்கா அவள் கன்னத்தைக் கிள்ளினாள். “கல்லுப் பிள்ளையார்கூட இதுக்குச் சிரிச்சிருப்பார்.” அவள் சிரித்தாள். கன்னம் வலித்தது, அது மட்டும் தெரிந்தது.

அன்று வேலை முடிந்ததும் முதலாளியம்மா ஒரு தாளோடு அம்மாவைக் கூப்பிட்டாள். புதிதாகச் சேருகிறவர்கள் நிரப்பித் தருவது. இனி யார் வந்து பார்த்தாலும் பொருந்த வேண்டுமே என்றாள். அம்மா நின்றபடியே பெயரை எழுதினாள், முகவரியை எழுதினாள். முன் அனுபவம் என்ற இடத்தில் கை நின்றது.

“இங்க என்ன எழுதறது?”

“அங்க ஒண்ணும் வேணாம். இல்லன்னு போட்டுடு.”

அம்மா எழுதப் போனாள். பேனாவில் மை தீர்ந்திருந்தது. தாளில் வெறும் கீறல்தான் விழுந்தது. இரண்டு முறை உதறிப் பார்த்துவிட்டு, கேட்காமல் கையை மட்டும் பின்னால் நின்ற மகளிடம் நீட்டினாள்.

அவள் தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.