'ம' போட்ட பாட்டில்

வீட்டில் அவளுக்கு 'டிகிரி' என்று பேர். வைத்தது அக்காதான். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதன்முதலில் மிதித்தவள் என்பதால் வந்த பேர். பாதி பெருமை, பாதி நக்கல். வேதியியல் பட்டத்தை உறையில் போட்டுக்கொண்டு இரண்டு வருடம் செருப்பு தேய நடந்த பிறகு, ஓர் ஆய்வுத் திட்டத்தில் களப்பணியாளர் வேலை கிடைத்தது. அவள் பங்குக்கு நாற்பது வீடுகள், நாற்பது குழந்தைகள், எல்லாம் மூன்று வயதுக்கு உட்பட்டவை. வாரத்துக்கு இரண்டு முறை ஒவ்வொரு வீட்டுக்கும் போக வேண்டும். எத்தனை தடவை வயிற்றால் போனது, காய்ச்சல் உண்டா, மருந்து தினம் ஒரு கரண்டி உள்ளே போனதா என்று கேட்டு எழுத வேண்டும். மாதம் ஒரு முறை தூக்குத் தராசில் எடை பார்க்க வேண்டும். தராசுக் கொக்கியில் ஒரு துணிக் கால்சட்டை தொங்கும்; அதற்குள் காலை விட்டதுமே நாற்பதில் முப்பது குழந்தைகள் அலறித் தெருவைக் கூட்டிவிடும்.

மருந்து பாட்டில்கள் இரண்டு வகை. ஒன்றில் 'க' என்று எழுத்து, மற்றதில் 'ம'. ஒன்றில் துத்தநாகச் சத்து கலந்த இனிப்புப் பாகு. மற்றதிலும் அதே நிறம், அதே இனிப்பு; சத்து மட்டும் கிடையாது. எந்த எழுத்தில் எது என்று அவளுக்கும் தெரியாது, மேற்பார்வையாளருக்கும் தெரியாது, குழந்தைகளைப் பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. விடை எங்கோ ஓர் உறைக்குள் அரக்கு வைத்துக் கிடந்தது. ஆய்வு முடிந்த பிறகுதான் பிரிப்பார்கள். எந்தக் குழந்தைக்கு எந்த எழுத்து என்பது சீட்டுக் குலுக்கல். இதையெல்லாம் கேட்டுச் சம்மதித்துத்தான் பெற்றோர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நோய் வந்தால் சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றுதான். அதில் எழுத்து பார்ப்பதில்லை.

அக்கா வீடும் அவளுடைய தெருக்களில் ஒன்றில்தான் இருந்தது. சொந்தக்காரர் வீட்டுக்கு வேறு ஆளை அனுப்புவதுதான் முறை. ஆனால் ஆள் போதவில்லை என்று அலுவலகம் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டது. அக்கா மகனுக்கு வயது ஒன்றரை; எட்டு கிலோவைத் தொடாத உடம்பு. அதனால் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். சீட்டில் அவனுக்கு 'ம' விழுந்தது.

முதல் மூன்று மாதத்தில் பஞ்சுவுக்கு ஐந்து முறை வயிறு போனது. டிகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில், யாரும் கேட்காத கணக்கு ஒன்றைத் தொடங்கினாள். 'க' வீடுகள் ஒரு பக்கம், 'ம' வீடுகள் ஒரு பக்கம்; வயிறு போகிற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு. 'ம' பக்கத்தில் கோடுகள் கொஞ்சம் கூடத்தான் இருந்தன. நாற்பது குழந்தைகளை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று படித்தவள்தான். பஞ்சுவின் இடுப்பில் நிற்காமல் நழுவுகிற டிரவுசரைப் பார்த்தால் படித்தது பறந்துவிடும். போகிற வழியெல்லாம் மனதுக்குள் கோடுகளைக் கூட்டிக்கொண்டே போவாள். வந்த வீட்டுக்கே மறுபடி வந்து நின்று, "இப்பத்தானே கேட்டுட்டுப் போனே?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

ஒரு மதியம் மருந்து வைக்கிற அறையில் தனியாக இருந்தபோது இரண்டு பாட்டில்களையும் திறந்து, விரலில் தொட்டு நக்கிப் பார்த்தாள். துத்தநாகத்துக்கு ஓர் உலோக ருசி உண்டு என்று அவளுக்குத் தெரியும். 'க' இனிப்பு அடங்கியதும், சாவியை வாயில் வைத்தது போலக் கசந்தது. வாய் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். சந்தேகமே இல்லை, 'க'தான்.

அந்த வாரம் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனது. அவர்கள் திருப்பிக் கொடுத்த இரண்டு 'க' பாட்டில்களை அலுவலகத்தில் சேர்க்காமல், உடைந்துவிட்டதாக எழுதினாள். தெருமுனைக் குழாயடியில், பஞ்சுவுக்கு அந்த மாதம் கொடுக்க வேண்டிய 'ம' பாட்டிலைக் கவிழ்த்து, கழுவி, 'க'வை அதில் ஊற்றினாள். பட்டப்பகலில், நாலு பேர் தண்ணீர் பிடிக்கிற இடத்தில். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அக்காவுக்கும் தெரியாது. அடுத்த மாதமும் அதையே செய்தாள்.

இரண்டு மாதத்தில் பஞ்சு எழுநூறு கிராம் ஏறினான். வயிறு ஒரே ஒரு முறை போனது. தராசு முள்ளைப் பார்த்து அக்கா சிரித்தாள். டிகிரியால் சிரிக்க முடியவில்லை. அந்த எழுநூறு கிராமை அவள் 'ம' என்று அச்சடித்த தாளில் எழுத வேண்டியிருந்தது. 'க'வில் சத்து இருந்தால், சத்தில்லாத பாகும் குழந்தையைத் தேற்றியதாக அந்தத் தாள் சொல்லும். ஆய்வு முழுவதிலும் இருக்கிற அறுநூறு குழந்தைகளில் இவன் ஒருவன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். உடனே இன்னொரு எண்ணம் வந்து குடைந்தது. மற்ற களப்பணியாளர்களுக்கும் ஆளுக்கொரு அக்கா மகன் இருந்தால்?

கடைசியில் அவளை நிற்கவிடாமல் செய்தது பஸ் கண்டக்டர் மனைவியின் ஒரு கேள்வி. அந்த வீட்டுப் பெண் குழந்தைக்கும் 'ம'தான். நாலாவது முறையாக வயிறு போய், குழந்தை கண் செருகிப் படுத்திருந்தது. டாக்டரிடம் காட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக ஊட்டிக்கொண்டே அந்த அம்மாள் கேட்டாள்.

"ஏம்மா, எங்களுக்கு வந்திருக்கறது நல்ல பாட்டிலா, வெறும் பாட்டிலா?"

"எங்களுக்கே தெரியாதுங்க."

"சரி, தெரிய வேணாம். இது உன் வீட்டுக் குழந்தையா இருந்தா நீ என்ன பண்ணுவே? அதையாவது சொல்லு."

டிகிரி தாளில், மருந்து கொடுக்கப்பட்டதா என்ற கட்டத்தில் 'ஆம்' போட்டுவிட்டு வெளியே வந்தாள். அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் அலுவலகம்வரை நடந்தே போனாள்.

மேற்பார்வையாளருக்கு 'ஒற்றைக்கோடு' என்று பட்டப்பெயர். தாளில் தப்பு வந்தால் அழிக்கவே கூடாது, ஒரே ஒரு கோடு போட்டு அடித்து, அடித்தது என்னவென்று தெரியும்படி விட வேண்டும் என்று உயிரை வாங்குவார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் எந்தத் தேதி, எத்தனை பாட்டில், எங்கே கொட்டினாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"எது சத்துன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"ருசி பார்த்தேன் சார். 'க' கசந்தது."

அவர் பேனாவை மூடித் திறந்து மறுபடி மூடினார். "வெளிய சொல்லிடாதே. நானும் பார்த்திருக்கேன். எனக்கு 'ம'தான் கசந்துச்சு."

இந்த இரண்டு மாதமும் தான் நல்லது செய்த திருடி என்றே அவள் நினைத்திருந்தாள். பஞ்சுவிடமிருந்து சத்தைப் பிடுங்கிக் குழாயடியில் ஊற்றியிருக்கவும் கூடும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆய்விலிருந்து பஞ்சுவின் பேரை எடுத்துவிடுவீர்களா என்று கேட்டாள். அப்படி எடுக்க முடியாது என்றார். சீட்டில் விழுந்தது 'ம'. உள்ளே போனது எதுவானாலும் முடிவுவரை 'ம' கணக்கில்தான் இருப்பான், நடந்தது பக்கத்தில் எழுதப்படும். அவளுடைய வேலையைப் பற்றி மேலிடம் சொல்லும். அதுவரை வீடுகளுக்குப் போகக் கூடாது. இன்றைக்கு ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போய், பாட்டிலை மாற்றிவிட்டு, உண்மையைச் சொல்ல வேண்டும். தொடர்வதா விலகுவதா என்பதைக் குழந்தையின் அம்மா முடிவு செய்யட்டும்.

அக்கா வீட்டிலேயே சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கிறவள். மடியில் சட்டைகளை வைத்துக்கொண்டு, ஊசியை நிறுத்தாமல் எல்லாவற்றையும் கேட்டாள். 'ம' கசந்த கதை வந்தபோது ஊசி நின்றது.

"அப்போ நல்லதைக் கொட்டிட்டு வெறும் பாகை ஊத்தியிருப்பியா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாடி?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல. ஒருவேளை, சத்தம் போடாம ஊத்துடின்னு சொல்லியிருப்பேனோ என்னமோ. அதைக்கூட எனக்குத் தெரியாமப் பண்ணிட்டியே."

டிகிரி பையைத் திறந்தாள். புது 'ம' பாட்டிலைச் சட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வேண்டாமென்றால் விலகிக்கொள்ளலாம் என்றாள். அக்கா பாட்டிலைக் கையில் எடுத்து, அதில் 'ம' தவிர ஒன்றும் எழுதியிருக்காது என்று தெரிந்தும், திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உனக்கு என்னடி தோணுது, டிகிரி?"

எத்தனையோ மாதமாகத் தனக்குத் தோன்றியதையே உண்மை என்று நம்பியிருந்தவள், "தெரியலக்கா. நிஜமாவே தெரியல" என்றாள்.

அக்கா பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். "இருக்கட்டும். கையெழுத்துப் போட்டவ நான்தானே. ஆனா இனிமே இந்த வீட்டுக்கு வேற ஆளை அனுப்பச் சொல்லு. நீ வரணும்னா சித்தியா வா. பையைத் தூக்கிட்டு வராதே."

பஞ்சு தத்தித் தத்தி நடந்து வந்து டிகிரியின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனைத் தூக்கினாள். கனத்தான். கையில் தாளும் இல்லை, கேட்கும் உரிமையும் இல்லை. கேட்காமல் இருக்கப் பல்லைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

"இன்னைக்கு எத்தனை தடவை போனான்?"

அக்கா நிமிராமலே நூலைப் பல்லால் அறுத்தாள். "ஒரு தடவை. எங்கயும் எழுதி வைக்காதே."