மேடம் உட்கார்ந்த நாற்காலி

உங்கள் பெரியக்கா தினமும் காலையில் போகிறாளே அந்தப் பகல் வீடு, அதை சர்க்கார் கொடுத்தது என்று சின்னவன் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். சர்க்கார் கொடுக்கவில்லை. அதை உண்டாக்கியதில் உங்கள் அம்மாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவளைச் சொல்லச் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவாள். அதனால் நான் எழுதி வைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுத்து, பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பெரியக்கா பிறந்தபோது அழவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அழுதாள். மூளைக்குக் காற்றுப் போகாத அந்த நேரம்தான் அவள் கைகால்களை விறைப்பாக்கிவிட்டது என்று டாக்டர் பிறகு சொன்னார். நடை வரவில்லை, பேச்சு வரவில்லை. ஆனால் நன்றாகத் தவழ்வாள். கண் அசந்தால் தெருமுனையில் இருப்பாள். அதுதான் எங்களுக்குப் பயம். நான் விடிந்ததும் திண்டிவனம் மல்லாட்டை மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை தூக்கப் போய்விடுவேன். வேர்க்கடலையைத்தான் நாம் மல்லாட்டை என்போம். அம்மா கிளியனூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் களை எடுக்கப் போவாள். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் உலையில் போட ஒன்றும் இருக்காது. அதனால் தன் பழைய புடவை ஒன்றைக் கிழித்துத் திரித்து, ஒரு முனையை அக்காவின் இடுப்பிலும் மறு முனையை வாசற்காலிலும் கட்டிவிட்டுப் போவாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கேப்பைக் கூழ். இந்த மாதிரிப் பிள்ளைகள் இருந்த வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம். கல்நெஞ்சினால் இல்லை. ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் புதுச்சேரி ரோடு, வேறு என்ன செய்வது?

ஒரு சித்திரை மாதம் அம்மா வேலையிலிருந்து திரும்பியபோது, நிழல் நகர்ந்துபோய் அக்கா வெயிலில் கிடந்தாள். கயிறு காலில் சுற்றிக்கொண்டதால் நகர முடியவில்லை. உடம்பெல்லாம் கொப்புளம். அன்றைக்கு அம்மா அழவில்லை. அந்தக் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு, அதே மாதிரிப் பிள்ளைகள் இருந்த வீடு வீடாகப் போனாள்.

“நம்ம புள்ளைங்கள ஒரே எடத்துல வெப்போம். முறை போட்டு ஆளுக்கு ஒரு நாள் பாத்துக்குவோம்” என்றாள்.

தெருவில் ஒருவர் பெங்களூருக்குப் பிழைக்கப் போய்விட்டதால் அவருடைய கூரைவீடு பூட்டிக் கிடந்தது. சாவி கொத்தனார் மேஸ்திரியிடம் இருந்தது. அவருக்கும் அக்கா மாதிரி ஒரு பையன். கேட்காமலே திறந்துவிட்டார். அப்படித்தான் பகல் வீடு தொடங்கியது. முறைக்காரி அன்றைக்குக் கூலிக்குப் போக முடியாது. அதனால் மற்றத் தாய்மார்கள் ஆளுக்கு ஒரு படி மல்லாட்டையோ கேப்பையோ அவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு யாரும் கணக்கு எழுதவில்லை, சண்டையும் வந்ததில்லை.

ஆனால் மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்தால் இந்த ஏற்பாடு நின்றுவிடும். வருஷத்துக்குச் சாப்பாடு சேர்க்கிற சமயம் அது. பிடுங்கினதில் பங்குதான் கூலி. அப்போது எந்தத் தாயும் ஒரு நாளையும் விட முடியாது. பகல் வீட்டைப் பூட்டுவோம். பிள்ளைகள் மறுபடி வாசற்காலுக்குப் போவார்கள். மறுபடி கயிறு கட்டிய முதல் நாள் அக்கா அம்மாவின் முகத்தைப் பார்த்த பார்வையை நான் எழுத மாட்டேன். சம்பளத்துக்கு ஒரு ஆள் இருந்தால் பூட்ட வேண்டாம். கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தெரிந்த ஒருவர் வாரம் ஒரு தடவை வந்தால் பிள்ளைகள் நிற்கவும் கூடும். இந்த இரண்டும்தான் எங்களுக்கு வேண்டியிருந்தது.

விழுப்புரம் தனி மாவட்டமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சின்னச் சின்னக் குழுக்களுக்கு ஃபண்டு கொடுக்க சென்னையில் ஒரு அறக்கட்டளை இருக்கிறது என்று சுகாதார நிலையத்து நர்ஸம்மா சொன்னார். விண்ணப்பத்தையும் அவரே எழுதி அனுப்பினார். ஒரு மேடம் நேரில் பார்க்க வருவதாகப் பதில் வந்தது.

நம் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வீட்டில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வருகிறவருக்கு அது தெரியக் கூடாது. மேடம் வருகிறார் என்றதும் தெருவே எழுந்துகொண்டது. தெருக்கோடி வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், சர்ச்சிலிருந்து மேசை, டீக்கடையிலிருந்து ஃபேன். பொங்கலுக்கு எடுத்த துணிகளைப் பிள்ளைகளுக்குப் போட்டார்கள். கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். எச்சில் ஒழுகுகிற பிள்ளைகளையும், துணியில் போய்விடுகிற பிள்ளைகளையும் பார்த்தால் மேடத்துக்குச் சாப்பாடு இறங்காது என்று அவர்களை வீட்டிலேயே வைத்துவிட்டார்கள். நம் அக்காவும் வீட்டில்தான். நன்றாக உட்காரத் தெரிந்த மூன்று நான்கு பிள்ளைகள் மட்டும் பவுடர் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

மேடம் வந்தார். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தார். வாழையிலையில் சாப்பிட்டார். கிளம்பும்போது, “ரொம்ப நல்லா இருக்கீங்க. பாக்க சந்தோஷமா இருக்கு” என்றார்.

ஜீப் போனதும் மேஸ்திரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “நல்லா கீறோம்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. ஃபண்டு வந்த மாதிரிதான்” என்றார். எல்லோரும் நம்பினோம்.

பதில் வந்தபோது நர்ஸம்மா அதைப் படித்துக் காட்டினார். உங்கள் மையம் நல்ல நிலையில் இருப்பதால், இதைவிடத் தேவை அதிகமுள்ள இடங்களுக்கு உதவி அளிக்க முடிவு செய்திருக்கிறோம் என்று இருந்தது.

“கோழி போச்சு” என்றார் மேஸ்திரி.

மல்லாட்டை பிடுங்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. மேஸ்திரி ஒரு யோசனை சொன்னார். மறுபடி எழுதிப் போடலாம், இந்தத் தடவை மாற்றிக் காட்டலாம் என்றார்.

“கிழிஞ்ச துணியாப் பாத்து போடுங்க. மூணு நாளு தலை வார வேணாம். அந்தம்மா வரும்போது புள்ளைங்கள வாசக்கால்ல கட்டி வெச்சிக் காட்டுவோம். பாத்துட்டு அழுதுக்கினே கையெழுத்து போட்டுட்டுப் போவாங்க.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “அந்தக் கயித்த அவுக்கறதுக்குத்தான் மேஸ்திரிண்ணே இந்த வூடே. ஃபண்டு வாங்க திருப்பிக் கட்டுவியா? உம் புள்ளைய முதல்ல கட்டு, பாக்கறேன்.”

“கோவிச்சிக்காதம்மா. ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

“பேச்சுக்குக் கூட வேணாம். கோழி அடிச்சதும் பொய்யிதான், இதுவும் பொய்யிதான். அந்தம்மா நம்ம புள்ளைங்களயே இன்னும் பாக்கல.”

அந்த அறக்கட்டளை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் குழுக்களுக்குக் கூட்டம் போடுகிறது என்று நர்ஸம்மா மூலமாகத் தெரிந்தது. எங்களுக்கு அழைப்பு இல்லை. அம்மா அக்காவை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். நான் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடப் போனேன். திண்டிவனத்தில் பஸ் மாறி ஏறினோம். ஒரு ஆள் அக்காவைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்தார். “தாராளமா உக்காருங்கண்ணா, எங்களுக்கும் காலு நீட்ட எடமாச்சு” என்று அம்மா அவரிடம் சொன்னாள். பஸ்ஸில் சிரிப்பு.

மண்டபத்தில் மேடையேற எங்களுக்கு வழியில்லை. சாப்பாட்டு நேரத்தில் கை கழுவுகிற இடத்தில் மேடத்தைப் பிடித்தோம். அம்மா வணக்கம் சொல்லிவிட்டு நேராக ஆரம்பித்தாள்.

“மேடம், எங்க ஊருக்கு நீங்க வந்தீங்களே, அன்னிக்கு இவள நீங்க பாக்கல. உங்களுக்கு ஒரு மாதிரியா இருக்கும்னு வூட்லயே வெச்சிட்டோம். இவள மாதிரிதான் மேடம் பாதிப் பேரு. மல்லாட்டை பிடுங்கப் போனா இவள நான் கட்டிப் போட்டுட்டுத்தான் போவணும்.”

அக்கா அந்த நேரம் பார்த்து மேடத்தின் புடவைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு உடம்பு கூசியது. மேடம் இழுக்கவில்லை. ஈரக் கையைத் தன் புடவையிலேயே துடைத்துக்கொண்டார்.

“இதை ஏம்மா அன்னைக்கே சொல்லல?”

“வூட்டுக்கு வந்தவங்ககிட்ட எப்படி மேடம் அழுவறது?”

மேடம் யோசித்தார். “திரும்பவும் வர்றேன். என்னைக்குன்னு சொல்லமாட்டேன். கோழி கிடையாது, சரியா?”

சொன்னபடியே சொல்லாமல் வந்தார். அன்றைக்கு அம்மாவுடைய முறை. மண்டியில் வேலை இல்லாததால் நானும் அவளோடு அங்கே இருந்தேன். பகல் வீட்டில் பிள்ளைகள் பாயில் கிடந்தார்கள். ஒரு பையன் மூத்திரம் போய்விட்டிருந்தான், அம்மா துடைத்துக்கொண்டிருந்தாள். மேடத்தின் புது டிரைவர் கிளியனூர் டீக்கடையில் வழி கேட்டிருக்கிறார். கடைக்காரர் வழி சொல்வதற்கு முன்னால் டிரைவருக்கு ஒரு டீயைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டு, சைக்கிளில் ஒரு ஆளைக் குறுக்குப் பாதையில் விரட்டிவிட்டார். யாரும் சொல்லிக்கொடுத்த ஏற்பாடு இல்லை. விருந்தாளி வருகிறார், வெறும் வீட்டில் எப்படி உட்கார வைப்பது என்கிற பதற்றம்தான்.

“ஜல்தி ஜல்தி” என்று மேஸ்திரியின் குரல் கேட்டது. அம்மா நிமிர்வதற்குள் நாற்காலி உள்ளே வந்தது. மேசை வந்தது. வேண்டாம் என்று அம்மா கையை ஆட்டினாள், யார் கேட்டார்கள்? ஜீப் நின்றபோது ஒரு ஆள் ஃபேனை மாட்டிக்கொண்டிருந்தார்.

மேடம் உள்ளே வந்து எல்லாவற்றையும் பார்த்தார். நாற்காலியையும் பார்த்தார். அதிலேயே உட்கார்ந்தார். முகம் இறுகிப்போயிருந்தது. அம்மா கையில் ஈரத்துணியோடு நின்றாள். போச்சு என்று நினைத்தேன்.

அப்போது கோடி வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்றார். வேட்டி புதிதாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்து, தயங்கி, தலையைச் சொறிந்தார்.

“மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. வூட்ல பொண்ணு பாக்க வந்துட்டாங்க. திருவெண்ணெய்நல்லூர்லேர்ந்து சாயந்தரம் வர வேண்டியவங்க, இப்பவே வந்து நிக்கறாங்க. அந்த நாற்காலி ஒண்ணு கொறையிது. மாப்பிள்ளையோட அப்பா நிக்கறாரு.”

மேஸ்திரி நெற்றியில் அடித்துக்கொண்டார். மேடம் சட்டென்று எழுந்தார். தானே நாற்காலியைத் தூக்கி அவரிடம் கொடுத்தார். பிறகு அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இந்த மேசை யாரோடது?”

“சர்ச்சோடது, மேடம்.”

“ஃபேன்?”

“டீக்கடையோடது. பாதி மாட்டிக்கினு இருக்கும்போதே நீங்க வந்துட்டீங்க.”

“போன தடவை வந்தப்போ?”

“அன்னிக்கும் இதேதான். குழம்பு மட்டும் எங்களுது.”

“சரி, இந்த வீட்டுல உங்களோடது எது?”

அம்மா சுற்றிப் பார்த்தாள். “பாயிதான் மேடம். அதுலயும் அந்த ஓரத்துப் பாயி எதிர் வூட்டுது.”

மேடம் அந்த எதிர்வீட்டுப் பாயிலேயே உட்கார்ந்தார். அக்கா தவழ்ந்து போய் அவர் கண்ணாடியைப் பிடுங்கினாள். அவர் விட்டுவிட்டார். கண்ணாடி இல்லாமலே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கேட்டார். முறை வைத்துப் பார்த்துக்கொள்வதைக் கேட்டார். முறைக்காரிக்கு மற்றவர்கள் படி மல்லாட்டை கொடுப்பதை அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னபோது அவர் நிறுத்தினார்.

“இதை விண்ணப்பத்துல எழுதவே இல்லையே.”

“இதப் போயி எழுதுவாங்களாம்மா?” என்றார் மேஸ்திரி. “குடுக்கறதச் சொல்லிக் காட்டுனா நல்லா இருக்காதே.”

“நாங்க எல்லா இடத்துலயும் முதல்ல கேக்கறதே, ஊர்க்காரங்க என்ன கொடுக்கறாங்கன்னுதான்” என்றார் மேடம். “எழுதிக் கொடுத்தவங்க நிறையப் பேரு கொடுக்கறதில்ல. நீங்க நாற்காலியிலேர்ந்து மல்லாட்டை வரைக்கும் கொடுத்துக்கிட்டு அதை மறைச்சு வச்சிருக்கீங்க.”

அன்றைக்கு அவருக்குக் கூழும் வெங்காயமும் கொடுத்தோம். இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஃபண்டு வந்தது. நர்ஸம்மா படித்து முடிப்பதற்குள் மேஸ்திரி தெருவில் இறங்கி ஓடிவிட்டார். வாய்விட்டுக் கத்திக்கொண்டு, வழியில் பார்த்தவர்களை எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு போனார். கோடி வீட்டில் பெண்ணுக்கும் நிச்சயமாகியிருந்ததால் அவர்கள் வைத்திருந்த சரவெடியில் ஒன்று எங்களுக்கு வெடித்தது. எங்கள் பெண்களிலேயே ஒருத்தி சம்பளத்துக்குப் பகல் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். பயிற்சி கொடுக்க வாரம் ஒரு தடவை திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பிள்ளைகள் பிடித்து நிற்கக் கம்பிகள் வேண்டும் என்றாள். மேஸ்திரி கூலி வாங்காமல் இரும்புக் குழாயை நட்டு சிமெண்டு போட்டார். வலுவாக இருக்கிறதா என்று தானே அதில் தொங்கிப் பார்த்தார்.

அந்த வருஷம் மல்லாட்டை பிடுங்கும் காலம் வந்தது. பகல் வீட்டைப் பூட்டவில்லை. பிடுங்கலின் முதல் நாள் அம்மா அக்காவை அங்கே விட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனாள். போனாளே தவிர, அவளுக்கு வேலை ஓடவில்லை. செடியைப் பிடுங்குவாள், ரோட்டுப் பக்கம் பார்ப்பாள். பொழுது உச்சிக்கு வந்ததும் அவளால் தாங்க முடியவில்லை. கையிலும் காலிலும் மண்ணோடு வரப்பில் ஓடினாள். மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு நானும் பிடுங்கப் போயிருந்தேன், அவளைப் பார்த்து என்னமோ ஏதோ என்று பின்னால் ஓடினேன்.

உள்ளே அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். கால் நடுங்கியது, ஆனால் நின்றாள். எதிரே மேஸ்திரியின் பையன் நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பந்து. அம்மா வாசலில் நின்று இரண்டு கைகளையும் நீட்டிக் கூப்பிட்டாள். அக்கா திரும்பிப் பார்த்தாள். தெரிந்த முகம்தானே என்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பந்தைப் பார்த்தாள்.

அம்மா வந்த வேகத்திலேயே திரும்பி ஓடினாள். கொல்லையில் குனிந்திருந்தவர்கள் எல்லோரும் நிமிரும்படி வரப்பில் நின்றுகொண்டு, சிரித்தபடியே சத்தம் போட்டாள்.

“எம் பொண்ணு என்னைய வேணான்னுட்டா. கேளுங்கடி, எம் பொண்ணு என்னப் பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்கினா.”