காது கிள்ளணுமா?

என் அக்காவின் கணவர், அதாவது எங்கள் மாமா, லேத்தின் முன்னால் நின்றால் ராஜா. ஆனால் விலை என்ன என்று யாராவது நேரில் கேட்டுவிட்டால் போதும், மனிதர் நெளிய ஆரம்பித்துவிடுவார். "நீங்களே பார்த்துப் போட்டுக் குடுங்களேன்" என்பார். வந்தவர்களும் பார்த்துத்தான் போட்டார்கள், பட்டை நாமம்.

நான் கொழுந்தியாள். கடையில் கணினியும் தொலைபேசியும் என் பொறுப்பு. கத்துவதும் என் பொறுப்புதான், ஏனென்றால் அந்த வீட்டில் வேறு யாருக்கும் கத்தத் தெரியாது.

வீட்டோடு ஒட்டிய இந்தக் கடை மாமாவின் அப்பா வைத்தது. அவர் போன பிறகு மாமாவும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்தினார்கள். ஒருநாள் மாமா அண்ணனைக் கேட்காமல் ஒரு பெரிய வேலையை அடிமாட்டு விலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். "இனிமே உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றார் அண்ணன். வாயில்லாப் பூச்சியான மாமாவுக்கு அன்று பார்த்து வாய் வந்தது. "முழிக்காட்டி போங்க!" என்றுவிட்டார். லேத்து தம்பிக்கு, மில்லிங் மெஷின் அண்ணனுக்கு என்று பிரிந்தது. அவர் நான்கு தெரு தள்ளிக் கடை போட்டார். பேச்சும் நின்றது.

என்ன புத்திசாலித்தனம் பாருங்கள்! உருண்டையாகக் கடைவது லேத்து; பள்ளம் வெட்டுவதும் பட்டை எடுப்பதும் மில்லிங். வருகிற வேலையில் பாதிக்கு இரண்டும் வேண்டும். வேட்டியை ஆளுக்குப் பாதியாகக் கிழித்துக்கொண்ட கதைதான். இவர் மில்லிங்குக்கு யாரிடமோ போய் நிற்பார். லாபத்தை அந்த யாரோ எடுத்துக்கொள்வார்.

வேலை குறைந்த சமயத்தில் ஒரு போன் வந்தது. இணையத்தில் வேலை பிடித்துக் கொடுக்கும் நிறுவனமாம். வருடச் சந்தா கட்டினால், உலகத்தில் யாருக்கு என்ன கடைய வேண்டுமோ அத்தனை படங்களும் நம் திரைக்கு வரும்; நாம் விலை போட வேண்டியதுதான். "உலகமே உங்க கடை வாசல்ல வந்து நிக்கும் சார்" என்றான் போனில் பேசிய பையன். நேரில் விலை சொல்ல வேண்டாம், கட்டத்தில் எண்ணை அடித்தால் போதும் என்றதும் மாமா விழுந்துவிட்டார்.

உலகம் வந்ததோ இல்லையோ, படங்கள் வந்தன. மாமா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, கணக்குப் போட்டு, விலை அடிப்பார். அப்புறம் மூச்சுப் பேச்சே இருக்காது. பல பேர் வேலை கொடுக்க வருவதே இல்லை. தங்கள் பழைய கடைக்காரரை மிரட்ட ஒரு மலிவு விலை வேண்டும், அதை எங்களிடம் ஓசியில் வாங்கிக்கொண்டு போனார்கள். யாரிடமாவது ஒரு வார்த்தை பேசிப் பார்க்கலாம் என்றால், பேசுவதற்குத் தனிச் சந்தாவாம். இலவு காத்த கிளிகூடக் காசு கட்டிக் காக்கவில்லை ஐயா!

இது போதாதென்று ஒரு எமன் வேறு. விலை போடும் கடைகளுக்குப் பெயர் காட்டமாட்டார்கள், எண் மட்டும்தான். மாமா எங்கே விலை போட்டாலும் ஒரே எண்காரன் வந்து அதற்கு ஒரு நூல் கீழே போடுவான். மாமா குறைப்பார், அவனும் குறைப்பான்.

"எமன் வந்தாச்சா?" என்று சமையலறையிலிருந்தே அக்கா கேட்பாள்.

"வந்துட்டான், வந்துட்டான். அவன் பொழைப்பும் நாசமாப் போகுது, என் பொழைப்பையும் கெடுக்கறான்" என்பார் மாமா.

அக்கா ஒருநாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். "இந்தச் சந்தா முடியறதுக்குள்ள ஒரே ஒரு வேலை வரட்டும். வரலைன்னா கடையைப் பூட்டிட்டு அந்தத் தொழிற்சாலைக்குப் போங்க. அவங்களும் எத்தனை தடவைதான் வேலைக்குக் கூப்பிடுவாங்க?"

மாமா தலையாட்டினார். தொழிற்சாலை நல்ல இடம்தான், மேற்பார்வை வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். ஆனால் அன்றிலிருந்து அவர் சுத்தமாக இருக்கும் லேத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

சந்தா முடியப்போகிற வாரம் ஒரு படம் வந்தது. எங்கோ தூர தேசத்துக்காரர். லேத்து, மில்லிங் இரண்டும் வேண்டிய வேலை, நிறைய எண்ணிக்கை. மாமா ஆசையோடு விலை போட்டார். எமனும் வந்தான். படத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி சந்தேகம் கேட்கும் இடம் ஒன்று உண்டு. எந்த மொழியில் எழுதினாலும் வாங்குபவருக்கு அவர் மொழியில் மாற்றிக் காட்டுமாம். அங்கே எமன் எழுதியிருந்தான்: "காது கிள்ளணுமா?"

அதற்கு வாங்குபவரின் பதில்: "எங்கள் பொருளுக்குக் காது கிடையாது. தயவுசெய்து எதையும் கிள்ள வேண்டாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. குனிந்து திரையில் அதை மறுபடி படித்தார்.

கடைந்த பொருளின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். கையைக் கிழிக்காமல் இருக்க அதை லேசாகச் சாய்த்து எடுத்துவிடுவார்கள். ஊரெல்லாம் அதற்குச் சேம்பர் என்று பெயர். ஒரே ஒரு வீட்டில் மட்டும்தான் அது காது கிள்ளுவது. சின்ன வயதில் பையன்கள் விளிம்பை எடுக்க மறந்தால் அவர்கள் அப்பா காதைக் கிள்ளுவாராம். அதிலிருந்து வந்த பேச்சு.

"தள்ளும்மா" என்று என்னை எழுப்பிவிட்டு மாமா உட்கார்ந்தார். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்: "அப்பா கிள்ளுற அளவா, அம்மா கிள்ளுற அளவா?"

எமனிடமிருந்து பதில் வந்தது: "டேய், நீயா?"

"நான்தான். நீங்கதான் அந்த எமனா?"

"நீதாண்டா எமன். உன்னால என் கடை படுத்துப்போச்சு."

"நான் விலை போட்ட உடனே குறைக்காம, ரெண்டு நாளாவது பொறுத்துப் போட்டிருக்கலாமில்ல?"

"இங்கே என்ன நடக்கிறது?" என்று நடுவில் அந்தத் தூர தேசத்துக்காரர் பாவம் கேட்டார். அவருக்கு யார் பதில் சொல்வது? அடுத்த நிமிடம், விதியை மீறிச் சொந்தத் தொடர்பு வைத்துக்கொண்டதாக அந்த நிறுவனத்தார் இரண்டு கணக்குகளையும் முடக்கிவிட்டார்கள்.

நான் விடுவேனா? அவர்களுடைய உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பிடிபிடி என்று பிடித்தேன்.

"உங்கள் பொறுமைக்கு நன்றி மேடம்" என்றது ஒரு பெண்.

"எனக்குப் பொறுமையே கிடையாதும்மா. நீ யாருக்கு நன்றி சொல்றே?"

நான் கத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு வண்டி நின்றது. அண்ணன் ஒரு கனமான சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை, லேத்தைத்தான் பார்த்தார்.

"மில்லிங் முடிஞ்சுது. கடையற வேலை அப்படியே கிடக்கு. வெளியில குடுத்தா கொள்ளையடிக்கறானுங்க."

"வைங்கண்ணே" என்றார் மாமா.

"இதுமாதிரி இன்னும் இருக்கு. விலையை நான் பேசிக்கறேன். நீ வாயைத் திறக்கக் கூடாது, ஆமா."

"நான் எங்கண்ணே திறந்தேன்?"

"அன்னிக்குத் திறந்தியே!"

அக்கா காப்பியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தானா மேசைமேல் மாமாவின் போன் அடிக்க வேண்டும்? தொழிற்சாலைக்காரர். எடுத்து ஒலிபெருக்கியில் போட்டேன்.

"திங்கக்கிழமை வந்து சேர்ந்துடறீங்களா? இல்லைன்னா வேற ஆள் பார்க்கணும்."

மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா சாக்குப் பையைப் பார்த்தாள். அண்ணன் எட்டி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"அவன் வரமாட்டானுங்க. அவனுக்கு இங்க வேலை இருக்கு."

"நீங்க யாரு பேசறது?"

"நானா?" என்றவர் அப்போதுதான் தம்பி முகத்தைப் பார்த்தார். "நான் அவனோட அண்ணன்."

மாமா கையிலிருந்த துணியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். லேத்தைத் துடைத்த துணி. நெற்றி, கன்னம் எல்லாம் கிரீஸ். யாரும் சிரிக்கவில்லை, நான்கூட.