தட்டில் சேராத பத்தாவது கடலை

வயலினில் என் விரல் சறுக்கும் வரிகளுக்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் வறுத்த கடலை. மெதுவாக, பிசகில்லாமல் ஒருமுறை வாசித்தால் தட்டில் ஒரு கடலை போடுவேன். பிசகினால் தட்டைக் காலிசெய்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். பத்து சேர்ந்தால்தான் அடுத்த வரி.

குண்டசாலையில் இருந்த எங்கள் வீட்டில் ஒரே வரியோடு ஒரு கிழமை மல்லுக்கட்டினேன். தட்டில் கடலை ஏழைத் தாண்டவே இல்லை. எண்ணிக்கையை நான்தான் கோட்டை விடுகிறேன் என்று என் தலையிலேயே குட்டிக்கொண்டேன். எப்போதும் கண்ணை மூடித்தான் வாசிப்பேன். ஏழாம் நாள் வாசிப்பின் நடுவில் திறந்தேன். கணவரின் கை தட்டில் இருந்தது.

“என்னங்க இது?”

“நீ நாலு நாளா தப்பே பண்ணல,” என்றார் மென்றுகொண்டே. “சொன்னா கடலைய நிப்பாட்டிருவியேன்னுதான் சும்மா இருந்தேன்.”