தகட்டுக் கை

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மார்பு கிடையாது. "நெஞ்சு" இருக்கும், "அந்த இடம்" இருக்கும். அதனால்தான் அம்மா தன் தங்கைக்காக நேர்த்தி வைத்துவிட்டு ஒரு கையை வாங்கினார்.

சின்னம்மாவின் இடது மார்பில் கட்டி. பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்தில் வந்தது. பால் கட்டியிருக்குது என்று பெண்கள் தீர்ப்புச் சொல்லி மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். பால் குழாய் அடைத்தால் பிள்ளை குடிக்கக் குடிக்க இளகும். இதுவோ பிள்ளை பால் மறந்த பிறகும் கல் மாதிரிக் கிடந்தது. நோகவில்லை. நோகாததால் யாரும் பயப்படவில்லை, மடைச்சனம். டாக்டரிடம் காட்ட வெட்கம். அந்தோனியாரிடம் வெட்கமில்லை. வருத்தம் வந்த உறுப்பைத் தகட்டில் வாங்கிக் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம்.

நவநாள் காலையில் கோயில் வாசலில் விற்பவரிடம் கண், கால், கை எல்லாம் இருந்தன. அம்மா தகடுகளைக் கிண்டிக்கொண்டே நின்றார். மணல் என் காலைச் சுட்டது.

"முலை இருக்கோ?" என்று கேட்டேன்.

கன்னத்தில் அறை விழுந்தது. விற்பவர் கடலைப் பார்த்தார். அம்மா அவசரமாக ஒரு கையை எடுத்தார்.

"அக்கா, எனக்குக் கையில ஒண்டுமில்லையே?" என்றார் சின்னம்மா.

"பக்கத்திலதானேடி. அந்தோனியாருக்கு விளங்கும்."

"அவருக்கு விளங்கும். உங்களுக்குத்தான் விளங்கேல்லை." என் கையைப் பிடித்து இழுத்தார். "வா பிள்ளை. உன்னை மாதிரி நானும் வாய் திறந்து கேக்கிறன்."

பூசை முடியுமுன்னே நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியின் நீள வாங்குப் பலகையில் சின்னம்மாவால் இருக்க முடியவில்லை. எழும்பினார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார். ஓடிவிடுவாரோ என்று அவர் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன வருத்தம்?" என்றார் நர்ஸ்.

"முலையில கட்டி," என்றார் சின்னம்மா.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

ஊசி குத்திச் சோதித்தார்கள். சில கிழமை கழித்து, புற்றுநோய், மார்பை முழுக்க எடுக்க வேண்டும் என்றார்கள். அன்று சின்னம்மா கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினார். அம்மா மூலையில் இருந்து, "உன்ர மனுசன் என்னடி சொல்லுவான்?" என்றார். அப்போதும் அதுதான் கவலை!

எனக்கு முன்பல் இரண்டும் விழுந்து புதிதாக வந்துகொண்டிருந்த வயது.

"திரும்ப முளைக்கும்தானே, சின்னம்மா?" என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, முளைக்கும்."

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். முளைக்கப்போகிற ஒன்றுக்கு ஏன் இந்தக் கூத்து என்று எனக்கு எரிச்சலாக வந்தது.